காகிதப்படி அண்ணன்

எங்கள் ஊரில் குடியேற்றச் சட்டம் புரியாமல் ஜனங்கள் அலைகிறார்கள் என்று அரசாங்கம் மனமிரங்கி, ‘குடும்ப உறுப்பினர் தங்குரிமைச் சட்ட வழிகாட்டு மையம்’ என்று ஒன்றைத் திறந்தது. அதுவரை ஓரளவு புரிந்து வைத்திருந்தவர்களுக்கும் அன்றிலிருந்து புரியாமல் போயிற்று. மையத்துக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு தடவை போய் வந்தவர்கள் கத்தையாக நகல் எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே அந்த மையத்தைத் திட்டுவது நான் செய்யும் தொழிலுக்குத் துரோகம். இருந்தாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு படம். வட்டக் கூடாரத்துக்கு முன்னால் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பாக்கள், குழந்தைகள், ஓரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி. கீழே தங்க எழுத்தில் ‘குடும்பமே கஸாக் மண்ணின் ஆணிவேர்’ என்று எழுதியிருக்கும். நான் இதையெல்லாம் அடிக்கடி பார்க்கக் காரணம் உண்டு. மையத்தின் ஜெராக்ஸ் மெஷின் திறப்பு விழா அன்றே படுத்துவிட்டது. அன்றிலிருந்து அவர்களுக்கும் நான்தான் நகல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

நவம்பரில் முதல் பனி விழுந்து சேறாகிக் கிடந்த ஒரு காலையில் எஸ்போல் என் கடைக்கு வந்தான். பேக்கரி வேன் ஓட்டுகிறவன், முப்பத்தாறு வயது, யாரிடமும் அதிர்ந்து பேசத் தெரியாதவன். எல்லைக்கு அந்தப் பக்கம் உஸ்பெக் நாட்டில் பிறந்த கஸாக். ‘வெளியில் இருக்கும் நம் சனங்களெல்லாம் சொந்த மண்ணுக்குத் திரும்புங்கள்’ என்று அரசாங்கம் கூப்பிட்டபோது, அதை நம்பி ஒன்பது வருடத்துக்கு முன் மனைவியோடு வந்து குடியுரிமையும் வாங்கிவிட்டான். வேனின் முன் இருக்கையில் நரித்தோல் தொப்பி போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

“யாருப்பா அது?” என்று கேட்டேன்.

“எங்க அண்ணன், சர்சென்னு பேரு,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதாவது, அப்பா,” என்றான்.

எனக்கு விளங்கிவிட்டது. கஸாக் ஜனங்களான எங்களில் தலைப்பிள்ளை பெற்றவர்களுக்கு இல்லை, தாத்தா பாட்டிக்கு. பால் மறந்ததும் பெரிய வீட்டுக்குப் போய்விடும். அங்கே தாத்தாவை அப்பா என்று கூப்பிடும், பெற்ற தகப்பனை அண்ணே என்று கூப்பிடும். பெற்றவன் பெரியவர்கள் முன்னால் அந்தப் பிள்ளையை மடியில் வைக்க மாட்டான், மகனே என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டான். சொன்னால் தன் தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கியதாக ஆகிவிடும். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எஸ்போலின் தாத்தா கோஜான் மட்டும் சந்தோஷ மிகுதியில் ஒரு படி மேலே போய்விட்டார். பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பிறப்புச் சான்றிதழிலேயே தகப்பன் கோஜான், தாய் பாட்டி என்று எழுதி வாங்கி வந்துவிட்டார். அப்போது பாட்டிக்கு வயது ஐம்பத்திரண்டு. பதிவாளர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் பக்கத்துப் பதிவேடுகளைப் புரட்டினால் ஐம்பது தாண்டிய பாட்டிமார்தான் நிறையப் பெற்றிருப்பார்கள்.

இப்போது தாத்தாவும் பாட்டியும் இல்லை. சர்செனின் மனைவியும் போன மார்ச்சில் இறந்துவிட்டாள். எஸ்போலைத் தவிர அவருக்கு வேறு பிள்ளை கிடையாது. அறுபத்தொரு வயது. போன குளிர்காலத்தில் எல்லை வரிசையில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் உடைந்து, சரியாகச் சேரவில்லை. மனைவி போனதும் ஊரில் தனியாக இருந்தபோது அடுப்புக்குக் கரி எடுத்துவர முடியாமல் இரண்டு நாள் குளிரில் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்ததால் பிழைத்தார். வெளிநாட்டுக்காரராக இங்கே இருக்க அவருக்கு அனுமதித்த நாட்கள் டிசம்பர் பதினெட்டோடு முடிகின்றன. அதற்குள் ‘குடும்ப உறுப்பினர்’ என்று தங்குரிமை வாங்காவிட்டால், நடுக்குளிரில் அந்தக் காலி வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

நகல்களை எடுத்துக்கொண்டு மூவருமாக உள்ளே போனோம். நான்காம் கவுண்டரில் பல்ஸியா மேடம். ஒரு கையில் பேனா, ஒரு கையில் பால் தேநீர். அவள் கெட்ட பெண் இல்லை. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் வருகிற குரல்தான் அவளுக்கும் வந்தது.

“இவர் உங்களுக்கு யாரு?”

“அண்ணன்... இல்ல மேடம், அப்பா.”

“முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் டோக்கன் எடுங்க.”

“பெத்த அப்பா மேடம். தாத்தா வளர்த்ததால காகிதத்துல அண்ணன்னு ஆகிப்போச்சு.”

பல்ஸியா சான்றிதழைப் பார்த்தாள். “காகிதப்படி அண்ணன். அண்ணன் குடும்பம் கிடையாது, தம்பி. சட்டத்துல குடும்பம்னா பெத்தவங்க, கட்டினவங்க, பதினெட்டு வயசுக்குக் கீழ பிள்ளைங்க. அவ்வளவுதான்.”

“சுவத்துல இருக்கற படத்துல எல்லாரும் இருக்காங்களே மேடம். சித்தப்பா, பெரியப்பாகூட இருக்காங்க.”

“அது அலங்காரம்.”

“அப்ப எங்க அப்பாவுக்கு வழியே இல்லையா?”

“அப்பாவுக்கு ஏன் வழி இல்லை? தாராளமா இருக்கு. உங்க அப்பா கோஜானைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு மணி நேரத்துல தங்குரிமை போட்டுத் தர்றேன்.”

“அவர் செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு மேடம்.”

“அதுல எங்க தரப்புல எந்தத் தாமதமும் இல்லை,” என்றாள் பல்ஸியா.

சர்சென் அத்தனை நேரமும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வேறொரு கிழவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், “நான் போயிடறேன் தம்பி. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்?” என்றார்.

“சும்மா இருங்கண்ணே,” என்றான் எஸ்போல். அண்ணே என்பது அவனுக்கு முப்பத்தாறு வருடப் பழக்கம். அது வாயில் வந்ததும் அவனுக்கே கோபம் வந்து, வேன் கதவை வேண்டிய அளவைவிடப் பலமாகச் சாத்தினான்.

ஒவ்வொரு முறையும் மையம் ஒரு வழிகாட்டுச் சீட்டு தரும். மறுநாள் அவன் மறுபடி போய் நின்றபோது வந்த சீட்டில், ‘உறவை அறிவியல் முறையில் நிரூபிக்கவும்’ என்று இருந்தது. நகரத்துக்குப் போய் இருவரும் டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. சர்சென்தான் தகப்பன், சந்தேகமே இல்லை என்று முத்திரை குத்தியிருந்தது. எஸ்போல் அன்று எனக்கு ஒரு பை நிறைய, எண்ணெயில் பொரித்த சூடான பவுர்சாக் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான். அதைத் தின்றுகொண்டே நானும் கூடப் போனேன்.

பல்ஸியா முடிவை இரண்டு முறை படித்தாள். அவள் முகம் மலர்ந்தது. “வாழ்த்துகள்,” என்றாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

“தம்பி, இது உண்மைன்னு வச்சுக்கிட்டா, நீங்க குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பம் பொய். அதுல அப்பா கோஜான்னு இருக்கு.”

“சான்றிதழ்ல இருந்ததைத்தானே எழுதினேன்.”

“பொய் விண்ணப்பத்துல வாங்கின குடியுரிமை செல்லாது. அப்ப நீங்களும் வெளிநாட்டுக்காரர். வெளிநாட்டுக்காரர் தன் அப்பாவை இங்க வரவழைக்க முடியாது.”

“அப்ப இந்தப் பரிசோதனை பொய்ன்னே வச்சுக்குவோம்.”

“அப்ப நீங்க குடிமகன். உங்க உரிமை ஒண்ணும் போகலை. ஆனா வரவழைக்க அப்பா இல்லை.” பல்ஸியா தேநீரை ஒரு வாய் குடித்தாள். “சட்டத்துல இடைவெளியே இல்லைன்னு நான் எப்பவும் சொல்வேன். எப்படி அடைச்சிருக்காங்க பாருங்க.”

இருபக்கமும் பார்த்துவிட்டு அவள் அந்த முடிவை மடித்து எஸ்போல் பக்கம் தள்ளினாள். “இதை நான் பார்க்கலை. உள்ள வைங்க. வெளியில யார்கிட்டயும் காட்டிடாதீங்க.” இதற்காக நான் அவளை இன்றைக்கும் மதிக்கிறேன்.

அடுத்த வழிகாட்டுதல் கல்யாணம். குடிமகளைக் கட்டினால் கணவருக்குத் தங்குரிமை உண்டு. பல்ஸியாவே முன்வந்து, பக்கத்துக் கிராமத்தில் பால் பண்ணை வைத்திருக்கும் ஒரு விதவையின் பெயரைச் சொன்னாள். சர்சென் தலையை அசைத்தார். “என் பொண்டாட்டி செத்து இன்னும் வருஷ நினைவுச் சாப்பாடே போடலை. அதுக்குள்ள எவ வாசல்ல போய் நிப்பேன்?” என்றார். ‘பயனாளி ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதப்பட்டது.

டிசம்பர் முதல் வாரத்தில் மையத்தின் இயக்குநர் செயில்கான் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ‘பாரம்பரியத்தோடு இணைந்த சட்டச் சேவை’ என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு ஏழு தாத்தாக்களின் பெயர் மனப்பாடமாகத் தெரிய வேண்டும், ஏழு தலைமுறைக்குள் பெண் எடுக்கக் கூடாது. அதை அடிப்படையாக வைத்து, ஏழு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் அச்சடித்திருந்தார்கள். அண்ணன் தம்பி என்றால் இரண்டு பேரின் ஏழு கட்டமும் ஒன்றாக இருக்கும். தகப்பன் மகன் என்றால் மகனுடையது ஒரு படி கீழே தொடங்கும். காகிதம் பொய் சொன்னாலும் தாத்தாக்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது திட்டத்தின் தத்துவம்.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசினார். சிவப்பு நாடா, ஒலிபெருக்கி, குதிரை இறைச்சி வைத்த மேசை எல்லாம் இருந்தது. எனக்கும் அழைப்பு, படிவங்களை நகல் எடுத்தவன் நான்தானே.

“இந்த மையம் இதுவரை நாலாயிரத்து இருநூறு பேருக்கு வழிகாட்டியிருக்கிறது,” என்றார் செயில்கான். “அவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. பெரும்பாலானவர்கள் திரும்பி வர அனுமதிக்கப்படுவதில்லை என்பது வேறு விஷயம். மக்கள் வழி கேட்கிறார்கள். நாங்கள் வழி காட்டுகிறோம். அந்த வழி எங்கேயாவது போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது இன்னொரு துறையின் வேலை. அந்தத் துறை இன்னும் அமைக்கப்படவில்லை. ஆனால் அதற்கான அறை தயாராக இருக்கிறது, மேசை போட்டிருக்கிறோம். குடும்பம் என்றால் என்ன என்பதை எங்கள் ஊழியர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள், பன்னிரண்டாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. நான் என் ஊழியர்களைக் குடும்பமாகத்தான் நினைக்கிறேன். சட்டப்படி அவர்கள் குடும்பம் இல்லை, அதனால் என்னிடமிருந்து அவர்கள் எதையும் எதிர்பார்ப்பதில்லை.”

எல்லோரும் கை தட்டினார்கள். ஊழியர்கள் கொஞ்சம் மெதுவாகத் தட்டினார்கள்.

எஸ்போலுக்கு அந்த ஏழு கட்டத்தில் பெரிய நம்பிக்கை. முதல் கட்டத்தில் சர்சென் என்று எழுதினான். அதற்குக் கீழே கோஜான், அவருக்குக் கீழே மற்றவர்கள் என்று எழுதிக்கொண்டே வந்து, சின்ன வயதில் தாத்தா மனப்பாடம் செய்யவைத்த கடைசிப் பெயரை விட மனம் வராமல் கட்டத்துக்கு வெளியே எழுதிவிட்டான்.

பல்ஸியா விரல் வைத்து எண்ணினாள். “எட்டு வருது. ஒரு தாத்தா அதிகமா இருக்கார்.”

“ஒருத்தர் கூட இருந்தா என்ன மேடம்?”

“கட்டம் ஏழுதான். கம்ப்யூட்டர் எட்டாவது ஆளை எடுத்துக்காது. யாரையாவது எடுத்துடுங்க.”

அவர்கள் குழம்பி நின்றதைப் பார்த்து இயக்குநரே அறையிலிருந்து வந்தார். படிவத்தைக் கையில் வாங்கி, அக்கறையோடு படித்தார்.

“எட்டாவது பேரை எடுத்துடலாமா?” என்று கேட்டான் எஸ்போல்.

“இவரையா?” செயில்கான் அதிர்ந்துபோனார். “இவர் அந்தக் காலத்துல படையெடுத்து வந்த சுங்காரியரோட சண்டையில செத்தவர், தம்பி. இவர் வம்சம் மூணு மாவட்டத்துல இருக்கு. நானே இவர் வழிதான். இவரை எடுத்தா நாளைக்கு மந்திரிகூட என்னைக் கேள்வி கேப்பார்.”

“ஏழாவது ஆள்?”

“அவர் பேர்ல தெரு இருக்கு.”

“ஆறாவது?”

“அவர் யாருன்னு தெரியலை. தெரியாத ஆளை எடுக்கறது ஆபத்து.”

வரிசையில் பின்னால் நின்றவர்களும் கழுத்தை நீட்டி யோசனை சொல்லத் தொடங்கினார்கள். ஐந்தாவது தாத்தா குதிரைத் திருடன் என்று கேள்விப்பட்டிருப்பதாக ஒருவர் சொன்னார். எஸ்போல் முறைத்தான். அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த சர்சென் எழுந்து, கைத்தடியை ஊன்றிக் கவுண்டர் அருகே வந்தார்.

“என்னை எடுத்துடுங்க,” என்றார். “மேல இருக்கறவங்களை யாரும் தொடாதீங்க. நான்தான் உசிரோட இருக்கேன், என்னை எடுத்தா பரவாயில்லை.”

பல்ஸியா அவர் பெயரை அடித்தாள். தாத்தாக்கள் எல்லோரும் ஒரு கட்டம் மேலே ஏறினார்கள். கோஜான் முதல் இடத்துக்கு வந்தார். பல்ஸியா அதைச் சர்செனின் படிவத்தோடு வைத்துப் பார்த்தாள். இரண்டும் அச்சு அசலாக ஒன்று. “அண்ணன் தம்பி,” என்றாள் வருத்தத்தோடு. “இப்ப பாரம்பரியமும் சொல்லிடுச்சு.”

எஸ்போல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, தலையை முட்டியில் வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். பதினெட்டாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகல்கட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு இயக்குநரைக் கேட்டேன். “ஐயா, இந்த மையத்துல உக்காந்திருக்கறவங்க யாரும் தாத்தா வீட்டுல வளரலையா? எல்லாருமே சட்டப்படிதான் பொறந்தீங்களா?”

செயில்கான் என்னையும் எஸ்போலையும் கிழவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“நானும் தாத்தா வளர்த்த பிள்ளைதான்,” என்றார். “எங்க அப்பாவை நான் இன்னிக்கும் அண்ணேன்னுதான் கூப்பிடறேன். காகிதத்துலயும் அப்படித்தான். அதனால உங்க வேதனை எனக்கு நல்லாப் புரியுது. புரிஞ்சுக்கிட்டுத்தான் மறுக்கறேன்.”

“புரிஞ்சப்புறமும் ஏன் மறுக்கறீங்க?” என்றேன்.

“இந்தப் பெட்டியைத் திறந்தா இந்த மாவட்டத்துல பாதிப் பேருக்கு அப்பன் மாறிடுவான். மீதிப் பாதிக்கு நான் போட்ட கையெழுத்து செல்லாது. அப்புறம் என்னை இங்க உக்கார வச்ச ஆணையில இருக்கற என் பேரே செல்லாது. நான் இல்லைன்னா உங்களுக்கு யார் வழிகாட்டுவாங்க?”

தேநீர் நன்றாக இருந்தது, அதைக் குடித்தேன்.

செயில்கான் தடித்த சட்டப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “ஒரு வழி இருக்கு. அண்ணன் தம்பி குடும்பம் இல்லை. ஆனா புத்தி சுவாதீனம் இல்லாத அண்ணனுக்குத் தம்பி காப்பாளரா இருந்தா, அந்த அண்ணன் குடும்ப உறுப்பினர். நிரந்தரமாத் தங்கலாம். மருத்துவக் குழு சான்று கொடுக்கணும்.”

“எங்க அண்ணனுக்குப் புத்தி நல்லாத்தானே இருக்கு,” என்றான் எஸ்போல்.

“அதுதான் சிக்கல். அதை நீங்கதான் சரிபண்ணணும்.”

அடுத்து, ரத்த சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. யாரைக் கேட்டாலும் நாலாவது தாத்தாவிலோ ஆறாவது தாத்தாவிலோ வந்து முட்டியது. கடைசியில் வேறு குலத்துக்காரனான நானே சாட்சி ஆனேன்.

குழு கூடுவதற்கு முன்னால் வேனுக்குள் வைத்து எஸ்போல் அவருக்குப் பாடம் எடுத்தான். “அண்ணே, மூணே கேள்விதான் கேப்பாங்களாம். என்ன தேதி, இது எந்த இடம், பக்கத்துல நிக்கறது யாரு. மூணுக்கும் தப்பாச் சொல்லுங்க. தேதி கேட்டா கோடைக்காலம்னு சொல்லுங்க.”

“வெளியில முழங்கால் பனி கிடக்கு. கோடைக்காலம்னா சொல்லணும்?”

“தப்பாச் சொன்னாத்தாண்ணே தங்க முடியும்.”

“இத்தனை வருஷம் பொய் சொல்லாம இருந்துட்டேன். இப்பப் பொய் சொல்லிட்டு எந்த முகத்தோட எங்கப்பாவைப் போய்ப் பார்ப்பேன்? என்னால ஆகாது தம்பி. கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன்.”

எஸ்போல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழுவில் மூன்று பேர். இயக்குநர் செயில்கான், குறிப்பெழுதப் பல்ஸியா, நகரத்திலிருந்து வந்த மனநல மருத்துவர் டாக்டர் கிம். அந்த அம்மாள் கொரிய வம்சம். எங்கள் தாத்தா சமாச்சாரமெல்லாம் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. அவர் முன்னால் பிறப்புச் சான்றிதழ்கள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. தேதி பதினேழு.

“ஐயா, இன்னிக்கு என்ன தேதி?” என்று கேட்டார் டாக்டர்.

“டிசம்பர் பதினேழு, புதன்கிழமை,” என்றார் சர்சென். “நாளான்னைக்குப் பனிப்புயல் வரும். கணுக்கால் சொல்லுது.”

டாக்டர் குறித்துக்கொண்டார். பல்ஸியா கவலையோடு என்னைப் பார்த்தாள்.

“இது என்ன இடம்?”

“குடும்ப உறுப்பினர் தங்குரிமைச் சட்ட வழிகாட்டு மையம்,” என்று ஒரு சொல் விடாமல் சொன்னார். எங்களில் யாருக்கும் அந்தப் பெயர் முழுதாக வராது.

“நினைவு மிகத் தெளிவு,” என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினார். செயில்கான் உதட்டைப் பிதுக்கினார். எஸ்போல் கண்ணை மூடிக்கொண்டான். நாளைக்கு இந்த மனிதரைக் கொண்டுபோய் எல்லையில் விட வேண்டும், அங்கே கரி எடுத்துப் போட ஆள் கிடையாது.

“கடைசிக் கேள்வி. உங்க பக்கத்துல நிக்கறவர் யாரு?”

சர்சென் எஸ்போலைத் திரும்பிப் பார்த்தார். கைத்தடியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. உள்ளதைச் சொல்வேன் என்றவர், உள்ளதைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டர் காத்திருந்தார். பல்ஸியாவின் தேநீர் ஆறியது.

“அவசரமில்லை ஐயா.”

“எங்கப்பா இருந்தவரைக்கும் இதைச் சொன்னதில்லை,” என்றார் சர்சென், தரையைப் பார்த்தபடி. “அவர் போனப்புறமும் சொல்ல வாய் வரலை.” தலையை நிமிர்த்தினார். “இவன் என் மகன்.”

டாக்டர் சான்றிதழைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “தம்பின்னு இருக்கே, ஐயா. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா.”

“காகிதம் எங்கப்பா எழுதினது. பெத்தது நானு. இவன் பொறந்த அன்னிக்கு ரோடெல்லாம் பனி மூடிடுச்சு. இவன் அம்மாவை டிராக்டர்ல வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில டீசல் உறைஞ்சு போச்சு. இஞ்சினுக்கு அடியில தீ மூட்டிக் கிளப்பினேன். என் மேல்சட்டையிலதான் இவனைச் சுத்தினாங்க. பதினோரு மாசம் எங்கிட்ட இருந்தான்.”

“நோயாளி விவரமாகக் கற்பனை செய்கிறார்,” என்று டாக்டர் சொல்ல, பல்ஸியா எழுதினாள்.

கிழவர் நிறுத்தவில்லை. முப்பத்தாறு வருடம் அடைத்து வைத்தது எல்லாம் வந்துகொண்டே இருந்தது. எஸ்போல் முதல் அடி வைத்தது பெரிய வீட்டில், அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது. பள்ளிக்கூடத்தில் அவன் மார்பு வலி என்று விழுந்தபோது முதல் ஆளாகத் தானே ஓடியும், பிள்ளையைத் தூக்கிக் கோஜான் கையில் கொடுத்துவிட்டுக் குதிரைக் கொட்டடியில் போய் நின்றது. கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் இடத்தில் கோஜான் நிற்க, தான் விருந்தாளிகளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றியது. அன்று இரண்டு பேர் கைக்குத் தண்ணீர் ஊற்றாமல் பாத்திரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாராம். பல்ஸியா மூன்றாவது தாளைத் திருப்பினாள். அவள் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அவள் மூக்கை உறிஞ்சுவதை டாக்டர் கண்டுகொள்ளவில்லை. செயில்கான் எழுந்து ஜன்னலருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க,” என்றார் டாக்டர் பொறுமையாக. “இவர் உங்க தம்பி. ஒரு தடவை சொல்லிப் பாருங்க.”

“மகன்,” என்றார் சர்சென். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

டாக்டர் கிம் முடிவை வாசித்தார். “காலமும் இடமும் அறிவார். உடன்பிறந்த தம்பியை மகன் என்று உறுதியாக நம்புகிறார். ஆவணம் காட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை. திருத்த முயன்றால் அழுகிறார். கோளாறு ஆழமானது, பல ஆண்டுகள் பழையது. தனியாக விடக் கூடாது. காப்பாளர் பொறுப்பில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன்.” செயில்கான் திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் முத்திரையை எடுத்துக் குத்தினார். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

எஸ்போல் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வந்தான், பழக்கத்தில் ‘அண்’ என்று தொடங்கி விழுங்கினான். “அப்பா,” என்றான்.

“நோயாளியோட கற்பனைக்கு ஒத்து ஊதாதீங்க,” என்று டாக்டர் கண்டித்தார். “வருஷா வருஷம் மறுபரிசோதனை இருக்கு. அதுல குணமாயிட்டதாத் தெரிஞ்சா அனுமதி ரத்து. முப்பது நாள்ல கிளம்பணும், தெரியுமில்ல?”

“குணமாக விடமாட்டேன் டாக்டர்,” என்றான் எஸ்போல்.

கிழவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயன்றார். கணுக்கால் ஒத்துழைக்கவில்லை. “மகனே, கையைக் குடு,” என்றார்.

டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.